நடையன் கிடக்கு, ஆளைக் காணோம்

செட்டிநாட்டில் செருப்புக்கு நடையன் என்று பெயர். முகப்புப் படியில் கிடக்கும் நடையன்களை ஒரு பார்வை பார்த்தே உள்ளே யார் இருக்கிறார்கள், வெளியூர் ஆள் வந்திருக்கிறாரா என்று சொல்லிவிடலாம். சில நேரம் நடையன் ஏமாற்றவும் செய்யும். ஆள் பின்வாசல் வழியாக வெறுங்காலோடு தோட்டத்துக்குப் போயிருப்பார். இல்லையென்றால் வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டிருப்பார். கூப்பிட்டால் குரல் வராது.

வாட்ஸாப்பில் பெயருக்குக் கீழே வரும் 'ஆன்லைன்' செய்வதும் இதே வேலைதான். அவர் போனில் அந்தச் செயலி திறந்திருக்கிறது, இணையமும் இருக்கிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். உங்கள் செய்தியைப் படிக்கிறாரா, வேறு யாரிடமோ பேசுகிறாரா, திறந்து வைத்துவிட்டு அடுப்பில் பாலைப் பார்க்கப் போனாரா என்பதெல்லாம் தெரியாது. ஆன்லைன் காட்டியும் பதில் வராத அந்த நிலைக்கு 'நடையன் கிடக்கு, ஆளைக் காணோம்' என்று சொன்னால் விளக்கம் தேவைப்படாது. அமைப்புகளில் தனியுரிமைக்குள் போய் 'கடைசியாகப் பார்த்தது', 'ஆன்லைன்' இரண்டையும் மறைத்துக்கொள்கிறவர் 'நடையனை உள்ள எடுத்து வச்சுட்டாக'. ஆன்லைனை மறைக்கும் வசதி 2022இல்தான் வந்தது. அதில் ஒரு நிபந்தனை உண்டு. உங்கள் நடையனை உள்ளே எடுத்துவிட்டால் அடுத்தவர் நடையனும் உங்கள் கண்ணில் படாது.

இங்கே வரும் சொற்கள் பெரும்பாலும் இப்படிப் புதிதாகக் கோத்தவை. அகராதியில் தேட வேண்டாம். இணையப் பழக்கம் ஒவ்வொன்றுக்கும் ஊர்ச்சொல் ஒன்றைக் கண்டுபிடிப்பது எப்படி, எது நிற்கும், எது விழும் என்பதுதான் பேச்சு. என் அளவுகோல் ஒன்றுதான்: இரண்டு பொருள்களும் பார்க்க ஒன்று போல இருந்தால் போதாது, அவை நம்மை ஏமாற்றும் விதமும் ஒன்றாக இருக்க வேண்டும். நடையன் அதில் தேறுகிறது. நடையன் பொய் சொல்லும் இடத்தில்தான் ஆன்லைனும் பொய் சொல்கிறது.

தமிழில் இணையக் கொச்சை புதிதல்ல. வலைப்பதிவுகளை ஓரிடத்தில் தொகுத்துக் காட்டும் தமிழ்மணம் திரட்டி 2004இல் தொடங்கிய பிறகு வலைப்பதிவுகளில் ஒரு சொல்வளமே உருவானது. பதிவுக்குக் கீழே கூட்டமாக அரட்டை அடித்தால் 'கும்மி'. மறைமுகமாகக் குத்தினால் 'உள்குத்து'. அலுவலக வேலைக்கு 'ஆணி', வேலை அதிகமென்றால் 'ஆணி ஜாஸ்தி'. அந்தத் திரட்டியில் அண்மையில் மறுமொழி பெற்ற இடுகைகள் மேலே வந்தன. அதற்காகவே தன் பதிவில் தானே மறுமொழி போட்டுக்கொண்டிருந்தால் அது 'பின்னூட்டக் கயமை'. எந்தக் குழுவும் உட்கார்ந்து தீர்மானம் போட்டு இவற்றைச் செய்யவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போதே வாயில் வந்தவை.

ஆங்கிலத்திலும் இதே கதைதான். எதிரில் இருப்பவரை விட்டுவிட்டுப் போனைப் பார்ப்பதற்கு 'ஃபப்பிங்' என்று 2012இல் ஆஸ்திரேலியாவில் ஒரு விளம்பர நிறுவனமும் மெக்குவாரி அகராதியும் சேர்ந்து ஒரு சொல்லைச் செய்தார்கள். அதே ஆஸ்திரேலியாவில் 2002இல் ஓர் இணைய அரங்கில் யாரோ போகிற போக்கில் எழுதியது 'செல்ஃபி'. 2013இல் ஆக்ஸ்ஃபோர்டின் ஆண்டுச் சொல் ஆனது. காரைக்குடி பேருந்து நிலையத்தில் எது செல்லுபடியாகிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

நீல டிக்குக்கு வருவோம். 2014 நவம்பரில் வந்தது. படித்தாகிவிட்டது, பதில் இல்லை. இதற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு தொடர் காத்துக்கொண்டிருக்கிறது: நீலம் பாய்ந்தது. பாம்பு கடித்தால், விஷம் ஏறினால் உடம்பு நீலம் பாயும் என்பார்கள். 'மெசேஜ் நீலம் பாஞ்சு ரெண்டு நாளாச்சு' என்றால் செய்தி போய்ச் சேர்ந்தது, படிக்கப்பட்டது, செத்தது என்ற மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிடுகிறது. இதில் பலர் தடுமாறும் இடம் குழு. குழுவில் எல்லோரும் படித்த பிறகுதான் டிக் நீலமாகும். நாற்பது பேர் குழுவில் ஒருவர் சிங்கப்பூர் விமானத்தில் இருந்தாலும் நீலம் பாயாது. யார் படித்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் நீங்கள் அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து 'தகவல்' பகுதியைப் பார்க்க வேண்டும். இன்னொன்று, படித்த அடையாளத்தை நிறுத்திவைத்திருப்பவருக்கும் அது தனி உரையாடலில்தான் நிற்கும். குழுவிலும், குரல் செய்தியைக் கேட்டதைக் காட்டும் மைக் நிறத்திலும் காட்டிக்கொடுத்துவிடும்.

குரல் செய்தி என்றதும் பலகாரம்தான் நினைவுக்கு வருகிறது. நீளமான குரல் செய்திக்குத் தேன்குழலைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை. 'அத்தை ஏழு நிமிஷத் தேன்குழல் பிழிஞ்சிருக்காக'. அச்சில் மாவை அடைத்துப் பிழியத் தொடங்கினால் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும், எங்கே நிறுத்துவது என்று பிழிகிற கைதான் முடிவு செய்யும். மைக்கை மேலே தள்ளிப் பூட்டிவிட்டுப் பேசினாலும் அப்படித்தான். விரல் வலிக்காததால் பேச்சு நிற்பதில்லை. கேட்கிறவருக்கு 2021இலிருந்து ஒரு வசதி இருக்கிறது. ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிடலாம். அத்தை குரலுக்கு ஒன்றரை போதும். இரண்டில் வைத்தால் தேதியும் நேரமும் காதில் நிற்காது, திரும்பக் கேட்க வேண்டிவரும்.

மாவில் ஈரம் குறைந்தால் தேன்குழல் இழை இழையாக அறுந்து விழும். குரல் செய்தியிலும் அது உண்டு. விரல் நழுவி நழுவி ஒன்பது துண்டாக வந்து சேரும். அப்போது 'தேன்குழல் அறுந்துபோச்சு'. அதன் பக்கத்துப் பலகாரம் சீடை. 'அத்தை', 'நாளைக்கு', 'வர்றீகளா', 'இல்லையா' என்று ஒரு வரியை நாலு செய்தியாக உடைத்து அனுப்பினால் சீடை உருட்டுதல். ஒவ்வொரு உருண்டைக்கும் எதிராளி போன் ஒரு தடவை அதிரும். உருட்டுகிறவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது; ஒரே வரியாக எழுதினால் படிக்கிறவர் ஒரு தடவை போனை எடுத்தால் போதும். குழுவில் சீடை பொரிந்துகொண்டே இருந்தால் எட்டு மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என்று மூன்று அளவில் வாயடைக்கலாம். எட்டு மணி நேரமே மரியாதையானது. 'எப்போதும்' வைத்தால் துக்கச் செய்தியும் சேர்ந்து அமுங்கிப்போகும்.

காலை ஐந்தரைக்குப் பூவோடு வரும் குட் மார்னிங் படத்துக்கு 'வாசல் தெளிச்சாச்சு'. இதில் கிண்டல் எதுவும் இல்லை. வாசல் தெளித்திருந்தால் வீட்டில் ஆள் எழுந்துவிட்டார்கள், நலமாக இருக்கிறார்கள் என்று தெரு தெரிந்துகொள்ளும். தனியாக இருக்கும் ஆச்சியிடமிருந்து தினமும் படம் வந்து ஒரு நாள் வரவில்லையென்றால் 'இன்னிக்கு ஆச்சி வாசல் தெளிக்கலையே' என்று கூப்பிட்டுப் பார்க்கத் தோன்றும். அந்தப் படத்தின் உண்மையான வேலை அதுதான்.

அனுப்பிவிட்டு அழித்ததற்கு 'அழிகோலம்'. தண்ணீர் ஊற்றித் தேய்த்தாலும் மாக்கோலத்தின் வெள்ளைத் தடம் தரையில் தெரியும். அதைப் போலத்தான் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்ற வரியும். எல்லோருக்கும் நீக்க இரண்டு நாளுக்குக் கொஞ்சம் கூடுதலாக நேரம் இருக்கிறது. எழுத்துப் பிழைக்காக அழிக்க வேண்டியதில்லை. 2023 மே முதல் அனுப்பிய பதினைந்து நிமிடத்துக்குள் திருத்தலாம்.

செட்டிநாட்டு வீட்டமைப்பே இணையத்துக்கு ஒரு வரைபடம். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு, தோட்டம் என்று ஒரே நேர்க்கோட்டில் போகும். பல வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். ஒன்றைத் தேடப் போய் ஒரு சுட்டியிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து இன்னொன்று என்று போய்விடுவதற்குக் 'கட்டிறங்குதல்' என்று பெயர் வைக்கலாம். 'கவுனி அரிசிக்கு எவ்வளவு தண்ணின்னு பாக்கப் போனவ, மூணாம் கட்டுல சிங்கப்பூர் நகைக்கடை பாத்துக்கிட்டு இருக்கா.' எத்தனை கட்டு என்பதற்குக் கணக்கும் இருக்கிறது. பின்செல்லும் அம்பை எத்தனை தடவை அழுத்தினால் தொடங்கிய பக்கம் வருகிறதோ அத்தனை கட்டு. ஒரு சுட்டி புதிய தாவலில் திறந்திருந்தால் அம்பு வேலை செய்யாது. அது பின்வாசல் வழியாக வேறு தெருவுக்கே வந்துவிட்ட கதை. அப்போது உலாவியின் வரலாற்றைத்தான் திறந்து பார்க்க வேண்டும்.

வீடியோ அழைப்பில் முகத்துக்குப் பதில் கூரை தெரிந்தால் 'விட்டம் காட்டுறாக'. பர்மாத் தேக்கு விட்டமாக இருந்தால் பார்க்க அழகுதான், ஆனால் ஐயாவைப் பார்க்கத்தானே கூப்பிட்டது. போனை மடியில் படுக்கவைத்துத் திரையைப் பார்ப்பதால் இப்படி ஆகிறது. முன்கேமரா போனின் மேல் விளிம்பில் இருக்கிறது, படுக்கவைத்தால் அது நேராகக் கூரையைத்தான் பார்க்கும். தண்ணீர் நிறைந்த சொம்பில் போனைச் சாய்த்துக் கண் மட்டத்துக்கு வைத்தால் சரியாகிவிடும். வெறும் சொம்பு சரிந்துவிடும்.

வட்டிக்கடைச் சொற்கள் இன்னும் வளமானவை. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் செட்டிநாட்டார் கடை வைத்திருந்த காலத்தில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு விலாசம் இருந்தது. பாட்டன், தகப்பன், மகன் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்த அடையாளம் அது. கடிதம், உண்டியல் என்ற பணச்சீட்டு, கணக்கு எல்லாவற்றிலும் அதுதான் நிற்கும். ஆள் மாறினாலும் விலாசத்தின் மேல் இருந்த நம்பிக்கையில் பணம் கைமாறும். இணையத்தில் பயனர் பெயர் என்பது வேறென்ன? கேட்ட பெயர் கிடைக்காமல் பின்னால் நாலு எண் ஒட்டிக்கொண்டால் அது 'வால் விலாசம்'. கணக்கு களவு போனால் 'விலாசம் போச்சு'. உங்கள் படத்தை வைத்து வேறொருவன் கணக்கு திறந்து உறவுக்காரர்களிடம் அவசரமாகப் பணம் கேட்டால் 'அண்ணன் விலாசத்துல எவனோ உக்காந்திருக்கான்' என்று சொல்லிப் பாருங்கள். 'போலிக் கணக்கு' என்ற சொல்லுக்குக் காது கொடுக்காத பெரியவரும் இதைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருவார், ஏனென்றால் விலாசம் போனால் என்னவெல்லாம் போகும் என்று அவருக்குத் தெரியும். அப்படி ஒரு செய்தி வந்தால் அதற்குள்ளேயே பதில் எழுதாமல் பழைய எண்ணுக்கு நேரில் கூப்பிட்டுக் குரலைக் கேட்க வேண்டும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை வழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

அதே கடையில் பொறுப்பாளுக்கு அடுத்த இடத்தில் இருந்தவர் அடுத்தாள். எல்லோருக்கும் கீழ்நிலையில், பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தொழில் பழகியவன் பெட்டியடிப் பையன். ஒருவர் ரகசியமாக வைத்திருக்கும் இரண்டாவது கணக்கு 'அடுத்தாள்'. முதலாளி பேச முடியாததை அடுத்தாள் போய்ப் பேசுவார். சார்ஜர் ஒயர் எட்டும் தூரத்தைவிட்டு நகர முடியாமல் சுவரோரம் உட்கார்ந்திருப்பது 'பெட்டியடி'. 'இப்ப வர முடியாது, பெட்டியடியில இருக்கேன்.'

சேமித்துவைத்துத் திரும்பிப் பார்க்காத பதிவுகள், நட்சத்திரமிட்ட செய்திகள், திரைப்பிடிப்புகள் எல்லாம் 'கொட்டான்'. பனையோலையில் முடைந்த கொட்டானில் எதையும் போடலாம், போட்டது அடியில் போய்விடும். பூட்டும் கணக்கும் உள்ள இடத்துக்குப் பெட்டகம் என்ற சொல் தனியாக இருக்கிறது. அதைக் கடவுச்சொல் வைக்கும் செயலிக்கு விட்டுவிடலாம். கடவுச்சொல்லைத் திரைப்பிடிப்பாக எடுத்து வைத்திருக்கிறவர்கள் பெட்டகச் சாமானைக் கொட்டானில் போட்டிருக்கிறார்கள். தெருவில் போகிறவர் எட்டிப்பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.

கல்யாணத்தில் சீர்ச் சாமான்களை வளவில் வரிசையாகப் பரப்பிவைத்து உறவினர் பார்க்க விடுவது வழக்கம். ஸ்டேட்டஸில் ஒரே நாளில் முப்பது படம் போட்டால் மேலே உள்ள கோடு பொடிப்பொடிப் புள்ளியாகிவிடும். அது 'சாமான் பரப்புறது'.

இனி விழுந்த சொற்கள். நான் அதிகம் யோசித்தது இவற்றைப் பற்றித்தான்.

சொல்லாமல் கொள்ளாமல் தொடர்பை அறுப்பதை ஆங்கிலத்தில் பேயோடு சேர்த்துச் சொல்கிறார்கள். அதைப் 'பேயாகுதல்' என்று தமிழில் கொண்டுவந்தால் விளங்காது. நம் ஊர்ப் பேய் மறைந்து போகிற பேய் இல்லை. அது பிடிக்கிற பேய். புளியமரத்திலிருந்து இறங்கி விடாமல் தொற்றிக்கொள்ளும். தொல்லைக் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறவனுக்குத்தான் அது பொருந்தும். விலகிப்போனவனுக்குக் 'கம்பி நீட்டிட்டான்', 'கழண்டுக்கிட்டான்' என்று ஏற்கெனவே சொல் இருக்கிறது. இருக்கிற சொல்லை எடுத்துவிட்டுப் புதுச்சொல்லை வைத்தால் யாரும் வாங்கமாட்டார்கள்.

முடிவில்லாமல் தள்ளிக்கொண்டே போகும் திரைக்கு ஆத்தங்குடித் தரைக் கல்லைச் சொல்லலாமா? ஒரே பூ திரும்பத் திரும்ப வருகிறது, தொடக்கமும் முடிவும் கண்ணுக்குப் படுவதில்லை. படம் சரிதான். ஆனால் சொல் விழும். கண்ணாடியின் மேல் அச்சு வைத்து, கையால் நிறம் ஊற்றி, ஒவ்வொன்றாகச் செய்கிற கல் அது. நேரத்தை வீணாக்கும் பழக்கத்துக்கு அந்தப் பெயரை வைத்தால் ஊர்க்காரர் வாயில் வராது, வரவும் கூடாது. அளவுகோலும் இடிக்கிறது. ஆத்தங்குடிக் கல் யாரையும் ஏமாற்றுவதில்லை.

இழையும் அப்படித்தான். கார்த்திகை தீபத்திலிருந்து இருபத்தோராம் நாள் பிள்ளையார் நோன்பு. புதுத்துணியிலிருந்து எடுத்த இருபத்தோரு இழையைத் திரியாக்கி, மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்கள். சரிபார்க்காமல் சூடான ஃபார்வர்டை விழுங்குவதற்கு இதைச் சொன்னால் கச்சிதமாக இருக்கும் என்று யாருக்கும் தோன்றலாம். தொட வேண்டாம். அது பக்தி. ஃபார்வர்டுக்குக் 'கைமாத்து' போதும். சீட்டு எழுதாமல் கொடுக்கும் பணம் அது, முதலில் யார் கொடுத்தது என்பதே மறந்துபோகும். ஐந்து கை அல்லது அதற்கு மேல் மாறி வந்த செய்தியில் வாட்ஸாப்பே இரட்டை அம்புக்குறி போட்டுவிடும். 2020 ஏப்ரலிலிருந்து அதை ஒரு நேரத்தில் ஒரு உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும். சாதிப் பெயர், உடற்குறை, இழவு இவற்றிலிருந்து எடுக்கும் சொற்களையும் நான் ஒதுக்கிவிடுவேன்.

நிறுவனத்தின் சின்னத்தோடு கட்டிய சொல் நிறுவனத்தோடு போகும். ட்விட்டருக்குக் 'கீச்சு' அருமையாகப் பொருந்தியது, வினையாகவும் ஓடியது. 2023 ஜூலையில் பெயர் எக்ஸ் ஆனதும் பறவையும் போனது, இப்போது 'கீச்சினார்' என்றால் புதியவர்களுக்கு எதற்கு என்று தெரியாது.

சொல்லைச் சோதிக்கும் முறை எளிது. முதலில் பழக்கத்தை முழு வாக்கியமாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். அதில் தானாக வரும் வினை எது என்று பிடிக்க வேண்டும்: கிடக்கு, பிழி, தெளி, இறங்கு, பாய். 'பண்ணு' வந்தால் நிறுத்திவிடுங்கள். பண்ணு எந்த ஆங்கிலச் சொல்லையும் அப்படியே விழுங்கிக்கொள்ளும், உங்கள் சொல்லுக்கு அங்கே வேலை இருக்காது. பிறகு அதை எல்லா முகத்திலும் திருப்ப வேண்டும். பிழிஞ்சுட்டா, பிழியாத, பிழிவாகளோ, பிழிஞ்சது போதும். நாலும் நாக்கில் இடறாமல் வந்தால் பாதி தேறியது. பெயர்ச்சொல் நாலைந்து எழுத்துக்கு மேல் போக வேண்டாம். கடைசியாக, அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவரிடம் விளக்காமல் போனில் சொல்ல வேண்டும். 'என்னது?' என்று கேட்டால் சொல் தேறவில்லை.

எழுத்தில் வேறு தொல்லை. பலர் ரோமன் எழுத்தில்தான் தமிழை அடிக்கிறார்கள். அங்கே குறிலும் நெடிலும் ஒன்றாகிவிடும். கொட்டான் என்று அடித்தால் கோட்டான் என்று படிப்பார்கள், கூடை ஆந்தையாகிவிடும். தேன்குழலில் உள்ள ழகரத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக அடிப்பார்கள். தமிழ் விசைப்பலகையில் அடிப்பவர்களுக்கு, பரிந்துரைப் பட்டை நடையனை வேறு ஏதோவாக மாற்றப் பார்க்கும். கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகை அமைப்புகளில் அகராதி, தனிப்பட்ட அகராதி, தமிழ் என்று போய்க் கூட்டல் குறியை அழுத்திச் சொல்லைச் சேர்த்துவிட்டால் அடுத்த தடவை அதுவே முன்னால் வந்து நிற்கும். கீழே உள்ள குறுக்குவழிக் கட்டத்தில் இரண்டு எழுத்து கொடுத்து வைத்தால் அடிப்பதும் மிச்சம்.

ஒரு பழக்கத்துக்கு மட்டும் நெடுநாள் சொல் அகப்படவில்லை. எதிராளி எழுதிக்கொண்டிருக்கிறார் என்று திரை காட்டுகிறது. நிற்கிறது. மறுபடி காட்டுகிறது. கடைசியில் எதுவும் வருவதில்லை. வாட்ஸாப்பில் இதை மறைக்க அமைப்பும் கிடையாது, எழுதத் தொட்டாலே தெரிந்துவிடும். பழைய வீடுகளில் வெளி ஆம்பிளை வளவுக்குள் காலெடுத்து வைக்கும் முன் தொண்டையைச் செருமுவார். வருகிறேன் என்று தெரிவிப்பதற்கு. உள்ளே பேச்சு நிற்கும், முந்தானை சரியாகும், எல்லோரும் வாசலைப் பார்ப்பார்கள். சில நேரம் செருமியவர் என்ன நினைத்தாரோ, அப்படியே திண்ணைக்குத் திரும்பிவிடுவார்.

'மாப்பிள்ளை வீட்டுல இருந்து பதில் வந்துச்சா, ஆச்சி?'

'ரெண்டு தடவை செருமினாக. உள்ள வரலை.'